பன்றிக்குத் தின்ற எண்ணெய்தான் கொழுப்பு, ஆட்டுக்கு அப்படி இல்லை: ஒரு மாலை நேரக் கேள்வி பதில்

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தக்கலைப் பக்கம் இரண்டு பசுவோடு இருக்கிறேன். தீவனத்தில் உள்ள எண்ணெய், கொழுப்பு இறைச்சியை என்ன செய்கிறது என்பது பற்றி மட்டும் கேளுங்கள். விலை, கடன், மானியம் எல்லாம் எனக்குத் தெரியாது.

கருங்கல் பக்கம், பன்றிப்பண்ணை: டாக்டர், கிறிஸ்துமஸுக்கு விக்க 14 வெண்பன்றி நிக்குது. போன வருஷம் வெட்டினவங்க கொழுப்பு தொளதொளன்னு இருக்கு, கையில ஒட்டுதுன்னு விலைய கொறச்சுட்டாங்க. ஹோட்டல் கழிவும் கோழிக்கடை கழிவும்தான் தீனி.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. தின்ற எண்ணெய் பெரிய மாற்றமில்லாமல் குடலில் உறிஞ்சப்பட்டு, அப்படியே தோலடியில் படிகிறது. கோழிக் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் அறை வெப்பத்திலேயே இளகுகிறவை. அவற்றைத் தின்ற பன்றியின் முதுகுக் கொழுப்பும் இளகத்தான் செய்யும்.

கொழுப்பின் இளக்கத்தை அயோடின் எண் என்று ஒரு அளவால் பார்ப்பார்கள். எண் கூடக்கூட இளக்கம். தேங்காய் எண்ணெய் 10க்குப் பக்கம், பாமாயில் 50 சொச்சம், சூரியகாந்தி 110க்கு மேல். பன்றிக் கொழுப்பு 70ஐத் தாண்டினால் வெட்டுகிறவர் முகம் சுளிக்க ஆரம்பிப்பார்.

மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) போட்டு வளர்த்த பழைய பன்றி ஏன் கெட்டியாக இருந்தது? கிழங்கில் எண்ணெய் அநேகமாக இல்லை, மாவுதான். மாவைக் கொழுப்பாக்கும் வேலையைப் பன்றியின் உடம்பே செய்கிறது. அப்படிச் செய்கிற கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக வரும். தீனியில் எண்ணெய் கூடினால் அந்த வேலையை உடம்பு குறைத்துக்கொள்கிறது, வெளியிலிருந்து வருவதையே படியவைக்கிறது.

ஆகவே இன்றைக்கே கோழிக்கழிவை நிறுத்துங்கள். வெந்த மரச்சீனி, அரிசிக் குருணை, எண்ணெய் எடுத்த தவிடு, கொஞ்சம் தேங்காய் பிண்ணாக்கு. இவற்றில் புரதம் குறைவு, அதற்குச் சோயா பிண்ணாக்கு சேருங்கள். ஆறு வாரமாவது வேண்டும். அப்போதும் பழைய கொழுப்பு முழுக்க மாறாது, புதிதாய்ப் படிவது கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரம் வந்து கேட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, இதை எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்: ஹோட்டல் கழிவை வேகவைக்காமல் போடாதீர்கள். 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் அஸ்ஸாமில் வந்தது, பிறகு முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. ஒரு வாளிக் கழிவில் பண்ணையே போகும்.

குளச்சல்: சார், சாளைத் தலையும் குடலும் சும்மா கிடைக்கு. பன்றி நல்லா தின்னுது. ஆனா கறியில மீன் வாடைன்னு சொல்றாங்க.

சாளை எண்ணெய்ச் சத்துள்ள மீன். அந்த எண்ணெய் காற்றுப்பட்டால் எளிதில் கெடும். இறைச்சியிலும் அதே எண்ணெய் ஏறி, சூடாக்கும்போது வாடை எழும். குட்டிக்கு வெந்த மீன் கழிவு கொடுங்கள், வளர்ச்சிக்கு நல்லது. வெட்டுக்கு முந்திய கடைசி ஆறு வாரம் ஒரு துண்டுகூட வேண்டாம். அளவுக்கு மீறினால் வைட்டமின் ஈ தீர்ந்து கொழுப்பே மஞ்சளாகி வீங்கும், அதற்கு மஞ்சள் கொழுப்பு நோய் என்றே பெயர்.

வாடை மூத்திர வாடை மாதிரி இருந்தால் மீனைப் பழி சொல்லாதீர்கள். அது காயடிக்காத கடுவனின் வாடை.

அருமனை: ரப்பர் விதை தோட்டத்துல குப்பையா கிடக்கு. பொறுக்கி அரைச்சுப் போடலாமா?

நல்ல கேள்வி. பருப்பில் பாதிக்குப் பக்கம் எண்ணெய், புரதமும் உண்டு. வீணாகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். இரண்டு சிக்கல். பச்சை விதையில் லினமாரின் இருக்கிறது, மரச்சீனி இலையிலும் தோலிலும் உள்ள அதே நஞ்சு. வயிற்றில் அது சயனைடாக மாறும். காயவைத்து, வேகவைத்து, ஆறவைத்துக் கொடுத்தால் குறையும். பச்சையாகக் கொடுத்தால் ஆடு நின்ற நிலையில் விழும்.

இரண்டாவது, ரப்பர் விதை எண்ணெய் சூரியகாந்தி வகை, இளகிய எண்ணெய். பன்றிக்குக் கொடுத்தால் மேலே கருங்கல்காரருக்கு வந்த அதே தொல்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்காக, சிறு பங்காக, வளரும் பருவத்தில் மட்டும்.

தோவாளை: ஆட்டுக்கு எந்தப் பிண்ணாக்கு போட்டா கறி கொழுப்பா வரும்?

ஆரல்வாய்மொழி: ஆட்டுக்கு கடலைப் பிண்ணாக்கா, தேங்காய் பிண்ணாக்கா? கறி மெத்துன்னு வரணும்.

இருவருக்கும் சேர்த்து. ஆட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் இளகிய எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். அதனால் எந்தப் பிண்ணாக்கு போட்டாலும் ஆட்டுக் கொழுப்பு கெட்டிதான். கூடுதல் கொழுப்பை ஆடு சிறுநீரகத்தைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும்தான் சேர்க்கும், தசைக்கு நடுவில் அல்ல. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கை வெட்டுகிறவர் குடலோடு எடுத்து வைப்பார். மெத்தென்று வர இளம் வயது முக்கியம்.

மொத்தத் தீனியில், காய்ந்த எடைக்கு, எண்ணெய் 5 சதவீதத்துக்கு மேல் போனால் நார் செரிமானம் கெடும். தேங்காய் எண்ணெய் அந்த நுண்ணுயிர்களையே அடக்கும். எண்ணெயை ஊற்றாதீர்கள்.

பத்மநாபபுரம்: பசுவுக்கு தினம் கால் லிட்டர் எண்ணெய் கொடுத்தா பால்ல கொழுப்பு ஏறுமா?

இறங்கும். முதல் வயிற்றில் அரைகுறையாய் மாறிய ஒரு கொழுப்பமிலம் மடிக்குப் போய், அங்கே கொழுப்பு உருவாவதையே அடக்குகிறது. கடையில் பைபாஸ் கொழுப்பு என்று விற்பது வேறு. சுண்ணாம்புச் சத்தோடு கட்டிய கொழுப்பு அது. முதல் வயிற்றில் கரையாது, நான்காவது வயிற்றின் புளிப்பில்தான் பிரியும்.

குலசேகரம்: ஆட்டுக்கு தேங்காய் பிண்ணாக்கு போடலாமா டாக்டர்?

மேலே படியுங்கள்.

திங்கள்சந்தை, இறைச்சிக்கடை: அண்ணாச்சி, நான் இருபது வருஷமா பன்றி வெட்டுறேன். தொளதொளன்னு இருக்கதுக்கு தீனி காரணம் இல்ல, இனம். நாட்டுப் பன்றிக் கொழுப்பு கல்லு மாதிரி. இந்த வெள்ளைப் பன்றிக்கு எப்பவும் அப்படித்தான். வெயில்ல வெட்டினா இன்னும் மோசம்.

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. வேகமாக வளரும் மெலிந்த இனத்துக்கு முதுகுக் கொழுப்பே மெல்லியது. தானே செய்யும் கெட்டிக் கொழுப்பு குறைவு, தின்ற எண்ணெயின் பங்கு கூடுதல். அதனால் இளகலாகத் தெரியும். இனத்துக்குப் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே இனத்தில் கிழங்கு தின்றதும் கழிவு தின்றதும் ஒன்றாகவா இருக்கின்றன?

திங்கள்சந்தை: ஒன்னாத்தான் இருக்கு.

இருக்காது. அமெரிக்காவின் தென்பகுதியில் நிலக்கடலை வயலில் மேய்ந்த பன்றிகளுக்கு இதே தொல்லை வந்தது. எல்லிஸ், இஸ்பெல் என்ற இருவர் ஆராய்ந்து, தின்ற எண்ணெய்தான் பன்றியின் கொழுப்பில் வந்து சேர்கிறது என்று 1926இல் எழுதிவைத்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. நம்மூரில் இன்னும் வெயிலைத்தான் சொல்கிறோம்.

களியக்காவிளை: நான் ஸ்பெயின்ல வேலை பாத்தேன் சார். அங்க ஓக் கொட்டை தின்ன பன்றிக் கொழுப்பு கையில வச்சாலே உருகும். அதைத்தான் தங்க விலைக்கு விக்கான். இளகினா என்ன தப்பு?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது வீண் போகவில்லை. ஓக் கொட்டையில் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் நிறைய. அதுவும் இளகும், ஆனால் சீக்கிரம் கெடாது. சூரியகாந்தி, சோயா எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றில் கெடும், சிக்கு வாடை பிடிக்கும். அவர்கள் ஹாமை, அதாவது உப்பிட்ட பன்றித் தொடையை, வருஷக்கணக்கில் தொங்கவிட முடிவதற்கு ஒலியிக் சீக்கிரம் கெடாததும் ஒரு காரணம். நம் கோழிக்கழிவுப் பன்றியை ஃப்ரீசரில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய் என்றால் தீனியிலேயே பாதி கெட்டுப்போயிருக்கும். அதற்குத்தான் வைட்டமின் ஈ சேர்க்கச் சொல்வது.

திங்கள்சந்தை: ஸ்பெயின்ல குளிரு. இங்க சித்திரை வெயில்ல வெட்டிப் பாருங்க.

ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் போல. சரி, ஒரே இனம், வேறு வேறு தீனி, இரண்டு பன்றியின் முதுகுக் கொழுப்பில் ஒரு துண்டு. ஒரே ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் விரலால் அழுத்துங்கள்.

திங்கள்சந்தை: இப்பவே ஃப்ரிட்ஜில ரெண்டு கிடக்கு, மத்தியானம் வச்சது. அழுத்திட்டு வாரேன்.

மார்த்தாண்டம்: மாட்டுக்கொழுப்பு மஞ்சளா இருந்தா கெட்டுப்போனதா?

பச்சைப்புல் தின்ற பசு. கரோட்டின் நிறம், கெடுதல் இல்லை. எருமையும் ஆடும் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், அவற்றின் கொழுப்பு வெள்ளை.

சுசீந்திரம்: பன்றிக்கொழுப்பு தின்னா கொலஸ்ட்ரால் ஏறுமா?

நான் பார்த்தது நாலு கால் நோயாளிகளை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பூதப்பாண்டி: ஆட்டுக்கு கடலைப் பிண்ணாக்கு...

தோவாளைக்காரருக்குச் சொன்னதுதான், அண்ணே.

திங்கள்சந்தை: அண்ணாச்சி, அழுத்திப் பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி இளகுது. சொன்னேன்லா.

இரண்டும் எந்தப் பண்ணை?

திங்கள்சந்தை: ஒரே பண்ணைதான். கோழிக்கடை கழிவு போடுறவரு.