ஒழுகும் தார்ப்பாய்க்கு என்ன வழி?

கேள்வி: வீட்டு வாசலையொட்டிச் சாயங்காலம் தோசைக் கடை போடுகிறேன். நாலு இரும்புக் குழாய் நிறுத்தி 10 அடிக்கு 8 அடித் தார்ப்பாய் கட்டுவேன், ராத்திரி கழற்றிவிடுவேன். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்குகிறது. மாமரத்தில் கட்டிய கயிறு வழியாகவும் வழிந்து வந்து மாவுச் சட்டிப் பக்கம் சொட்டுகிறது. நடுவில் ஓர் ஓட்டை போட்டுவிடலாமா? - வாசகி, யாங்கூன்

பதில்: ஓட்டை வேண்டவே வேண்டாம், சகோதரி. ஒரே மாதத்தில் அது கிழிசலாகிவிடும். உங்கள் தார்ப்பாயில் ஒரு அங்குல மழை விழுந்தாலே ஏறக்குறைய 190 லிட்டர். அவ்வளவும் ஓடிப் போக வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் தேங்குகிறது என்றால் நாலு காலும் ஒரே உயரமாக இருக்கும். முன்கால் ஏழரை அடி, பின்கால் ஆறடி என்று வைத்துப் பாருங்கள், அந்த வாட்டம் போதும். குறுக்கே இரண்டு மூங்கிலைக் கொடுத்து, தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். நம் ஊரில் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுதான், அதனால் முடிந்தால் தாழ்ந்த பக்கம் அந்தத் திசையைப் பார்க்கட்டும், சாரலும் உள்ளே வராது.

தேங்கிய தண்ணீரைக் கீழிருந்து குச்சியால் முட்டித் தள்ளாதீர்கள், தயவுசெய்து. என் அத்தை வடை போடும்போது அப்படித்தான் முட்டினார், தண்ணீர் நேரே எண்ணெய்ச் சட்டியில் விழுந்து தெறித்தது. முழங்கை வரைக்கும் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே நின்று ஓரத்தைத் தாழ்த்தி வடித்துவிடுங்கள்.

கயிற்றுக்கு வழி சுலபம். கடைக்கு ஒரு முழம் முன்னாலேயே கயிற்றில் ஒரு துணிக் கிழிசலை முடிந்து தொங்கவிடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் துணியில் இறங்கி அங்கேயே சொட்டிவிடும், மாவுப் பக்கம் வராது.

அப்புறம், தாழ்ந்த ஓரத்தில் வடியும் தண்ணீரைப் பிடித்து ஓடவிட ஒரு பீலி. பெரிய மூங்கிலை இரண்டாகப் பிளந்து கணுவைச் செதுக்கி எடுத்தால் போதும், நாலு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்தாலும் சரி. தார்ப்பாயின் விளிம்பு பீலிக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒரு முனையை இரண்டு அங்குலம் தாழ்த்தி சாக்கடைப் பக்கம் திருப்புங்கள், பக்கத்து வீட்டு வாசலுக்கு விடாதீர்கள். டிரம்மில் பிடித்தால் தரை கழுவ ஆகும், ஆனால் கொசு முட்டையிடாதபடி மூடி வையுங்கள், டெங்கு காலம் இது.