ஸ்கேனர் இருந்தும் ஏன் பெயர் கேட்கிறார்கள்? மருத்துவமனைக் கணினிமயம்: கேள்வி பதில்

வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது நோயாளிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை, செவிலியர்): அக்கா, மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். நைட் டியூட்டியில் 14 பேருக்கு நான் ஒருத்தி. இதனால் பலன் உண்டா, வேலைதான் கூடுகிறதா?

பதில்: வேலை கூடுவது உண்மைதான்மா. ஆனால் பலனும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் 14,000-க்கும் மேற்பட்ட முறை மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நேரம் தவறுவதைக் கணக்கில் சேர்க்காமல், மற்ற தவறுகள் பார்கோடு ஸ்கேன் இல்லாத இடத்தில் 11.5 சதவீதம், இருந்த இடத்தில் 6.8 சதவீதம்.

எனக்கு அந்த எண்ணைவிட ஒரு ராத்திரிதான் நினைவில் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், இரண்டு கட்டில் தள்ளி. ஒருவருக்கு இன்சுலின். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தூக்கக் கலக்கத்தில் மற்றவர் "ம்" என்றார். ஊசியை எடுத்த பிறகுதான், "சிஸ்டர், எனக்குச் சர்க்கரையே இல்லையே" என்றார். அன்று என் கையில் ஸ்கேனர் இருந்திருந்தால், அவர் விழித்துச் சொல்வதற்கு முன்பே அது ஆள் மாறியதைக் காட்டியிருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பட்டை நனைந்து ஸ்கேனர் பார்கோடைப் படிக்கவில்லை என்று இன்னொரு பிரதி எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டி, மேசையிலேயே ஸ்கேன் செய்வது பல ஊர்களிலும் நடக்கிறது. அப்படிச் செய்தால் சரிபார்ப்பது காகிதத்தைத்தான், ஆளை அல்ல. அதற்குப் பதிலாக, எந்தக் கட்டிலில் வைஃபை கிடைக்கவில்லை, எந்தப் பட்டை அழிகிறது, ஸ்கேனரில் சார்ஜ் எப்போது தீர்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுங்கள். சரிசெய்ய வேண்டியது நிர்வாகம். 14 பேருக்கு ஒருவர் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கேள்வி (சிறிய மருத்துவமனை நடத்தும் மருத்துவர்): அடுத்த மாதம் புது மென்பொருள் வருகிறது. ஒரே வாரத்தில் எல்லா வார்டுக்கும் மாற்றிவிடலாம் என்கிறது நிறுவனம். சரியா, மேடம்?

பதில்: வேண்டாம் டாக்டர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து ஆணைகளை (டாக்டர் எழுதும் மருந்துக் குறிப்புகளை) 6 நாளில் கணினிக்கு மாற்றினார்கள். வேறு இடங்களிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது, 2005-ல் அவர்களே இதை வெளியிட்டார்கள். முன்பெல்லாம் குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே மருந்து எழுதித் தயாராக வைப்பார்கள். புது முறையில் குழந்தை வந்து பதிவான பிறகுதான் ஆணையே போட முடிந்தது. மருந்தும் வார்டிலிருந்து மையப் பார்மசிக்குப் போய்விட்டது. உயிர் ஊசலாடும் குழந்தைக்கு அந்தச் சில நிமிடம் எவ்வளவு பெரியது!

மென்பொருள்மேல் மட்டும் பழி போட முடியாது. அதே மென்பொருளை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. பிட்ஸ்பர்க்கில் நடந்ததைக் கேட்டறிந்து, ஐசியுவுக்கான ஆணைத் தொகுப்புகளை (சேர்ந்தே வரும் ஆணைகளின் ஆயத்தப் பட்டியல்களை) முன்கூட்டியே தயார் செய்துகொண்டார்கள். அங்கே இறப்பு கூடவில்லை. ஆகவே நீங்கள் ஒரு வார்டில் தொடங்குங்கள். அவசரத்தில் பதிவுக்கு முன்பே மருந்து எடுக்க வழி உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): கணினியில் மருந்து எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வருகிறது. படிக்காமலே மூடிவிடுகிறேன். தப்பா சிஸ்டர்?

பதில்: எல்லாவற்றுக்கும் கத்தினால் யார்தான் கேட்பார்கள்? உங்கள் மருந்துக் குழுவிடம் சொல்லி, சில்லறை எச்சரிக்கைகளை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் சில இடத்தில் கணினி தடுத்தே ஆக வேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதிவிட்டால் உயிரே போகலாம். அங்கே "வாரம் ஒருமுறை" என்பதுதான் முதலில் வர வேண்டும். புற்றுநோய்க்காகத் தினமும் தர வேண்டும் என்றால், காரணம் கேட்ட பிறகே அதை மாற்றவிட வேண்டும்.

கேள்வி (திருச்சி): அப்பா மூன்று டாக்டர்களிடம் போகிறார். ஆபா எண் (ABHA, மத்திய அரசின் டிஜிட்டல் உடல்நலக் கணக்கு எண்) எடுத்தால் போதுமா?

பதில்: எடுங்கள். 14 இலக்க எண், இலவசம், கட்டாயம் இல்லை. ஆனால் எடுத்தவுடன் பழைய ரிப்போர்ட் எல்லாம் தானாக வந்துவிடாது. அந்த மருத்துவமனையும் லேபும் இணைந்திருந்து, ஆவணத்தை அந்த எண்ணோடு சேர்த்திருந்தால்தான் வரும். இன்னொருவர் பார்க்க அப்பா சம்மதிக்க வேண்டும். அதுவரை அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பெயர் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வாமை இருந்தால் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

கேள்வி (மதுரை): அம்மா அட்மிட் ஆகியிருக்கிறார். கையில் பட்டை, ஸ்கேனர் எல்லாம் இருந்தும் சிஸ்டர்கள் ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்கிறார்கள். அம்மாவுக்கு எரிச்சல்.

பதில்: அம்மாவிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்மிஷனிலேயே பட்டை ஆள் மாறிக் கட்டப்பட்டிருந்தால் ஸ்கேனருக்குத் தெரியாது. "நீங்கள் இன்னாரா?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் ஆமாம் என்பார்கள். அதனால்தான் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். அம்மா மயக்கத்தில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் நீங்கள் வெறுமனே தலையாட்டாமல் முழுப் பெயரையும் வயதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.