ஓமலூர் ஓவர்ஸ்பீடு சலான்: எதை வைத்து ஆட்சேபிப்பது?

ஓமலூரில் உங்கள் காருக்கு ஓவர்ஸ்பீடு சலான் போட்டார்கள், பக்கத்தில் ஒரு லாரி ஒட்டி வந்தது என்கிறீர்கள். "முன்னால் போன காரை எச்சரித்து அனுப்பினார்கள், எனக்கு மட்டும் சலான்" என்றும் கேட்கிறீர்கள். அந்த வாதம் எடுபடாது நண்பரே. நிறுத்திப் பேசி அனுப்புவது அங்கே நிற்கும் எஸ்.ஐ.யின் முடிவு, மெஷினில் சலான் ஏறியபின் அவரே நினைத்தாலும் லேசில் எடுக்க முடியாது.

பரிவாகன் இ-சலான் தளத்தில் படத்தைத் திறந்து பெரிதாக்குங்கள். ஸ்பீடு கன்னின் (வேகம் அளக்கும் கருவியின்) குறி உங்கள் கார் மேலா, ஒட்டி வந்ததாகச் சொல்லும் அந்த லாரி மேலா? லாரி மேல் என்றால் அதுதான் உங்களுக்குப் பிடி. நம்பர் பிளேட், பதிவான வேகம், இடம், நேரம் சரியா என்றும் பாருங்கள். "சாய்வாகப் பிடித்ததால் கூடுதலாகக் காட்டியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாய்கோணத்தில் ரேடார் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், அடி உங்களுக்கே திரும்பும்.

மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி, ஒரே சாட்சி கண்ணால் மதிப்பிட்ட வேகத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியின் அளவீடு வேண்டும். ஆகவே கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான சான்றிதழைக் கேளுங்கள். தானியங்கி கேமரா சலான் என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் சொன்ன கெடுவுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும்.

ஆட்சேபிப்பதானால் பணம் கட்டும் முன்பே செய்யுங்கள். படம் தெளிவாக உங்கள் காரைக் காட்டினால், 1,000 ரூபாய் அபராதத்தோடு விடுவதுதான் லாபம்.