களனிக்கு என்ன நிறம்?

வணக்கம் அண்ணா,

கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராண்ட்பாஸ் பக்கம் களனி கங்கைக் கரைக்குப் போய், நீர்வர்ணமும் மையும் சேர்த்துப் படம் வரைந்து பழகுகிறேன். இதுவரை மூன்று படம் கெட்டுவிட்டது. வர்ணம் பட்டதும் பேனைக் கோடு ஊதாவாகக் கலங்குகிறது. ஆறோ, தார் ரோட்டுக்கு நீலம் அடித்த மாதிரி இருக்கிறது. முதலில் கோடு போடுவதா, வர்ணம் பூசுவதா? கடைசிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

மைப் பிரச்சினை சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் வைத்திருப்பது எழுதுகிற மை. அது வெறும் சாயம், தண்ணீர் பட்டால் ஓடத்தான் செய்யும். காய்ந்தபின் கரையாத நிறமி மை என்று கேட்டு வாங்குங்கள். போத்தலில் எழுதியிருப்பதை நம்பாமல் துண்டுத் தாளில் கிறுக்கி, காயவிட்டு, ஈரப் பிரஷால் இழுத்துப் பாருங்கள். இந்தியன் இங்க் என்று விற்பதில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். அதைத் தொட்டெழுதும் நிப்புக்கு மட்டும் வையுங்கள். நான் ஒருமுறை ஆசையாக பவுண்டன் பேனையில் ஊற்றினேன், பேனை போயே போய்விட்டது. கொழும்புக் காற்றின் ஈரத்தில் தாள் சீக்கிரம் காயாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

முதலில் கோடா வர்ணமா என்றால், எது முதலில் வந்தாலும் குற்றமில்லை. எதற்குக் கோடு போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். உங்கள் படத்தில் பாலத்துக்கும் தகரக் கூரைக்கும் போட்ட அதே கறுப்புக் கோட்டை அலைக்கும் போட்டிருக்கிறீர்கள். அதுதான் ஆற்றை ரோடாக்கிவிட்டது. நிற்பதற்கெல்லாம் பேனை, ஓடுவதற்குப் பிரஷ். தண்ணீருக்குள் பேனையே போகக் கூடாது என்பது என் பிடிவாதம். வேறு ஆட்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

அப்புறம் அந்த நீலம். களனியை நீலமாக எப்போது பார்த்தீர்கள், சொல்லுங்கள்? மலைநாட்டில் மழை பெய்தால் இங்கே பால்தேத்தண்ணி நிறத்தில்தான் வரும். ஆனால் முழுக்க மண்ணிறம் பூசினாலும் பிழை. பாலத்தின் மேலே நின்று நேரே கீழே பார்த்தால் கலங்கல் தெரியும். கரையில் குந்தியிருந்து தூரமாகப் பார்த்தால் அதே தண்ணீர் வானத்தின் நிறத்தைக் காட்டும். ஆக, உங்கள் காலடியில் மண்ணிறம் அதிகம், எதிர்க்கரையை நெருங்க நெருங்க வானம் அதிகம். பேர்ன்ட் சியன்னா என்ற செம்மண்ணிறமும் அல்ட்ராமரீன் என்ற அடர்நீலமும் இரண்டே போதும். சியன்னாவைக் கூட்டினால் கலங்கல், அல்ட்ராமரீனைக் கூட்டினால் மழைக்கால வானம். தாள் நனைந்திருக்கும்போதே இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று ஓட விடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்த தாள் என்றால் இதைத் தாங்கும், கொப்பித் தாள் சுருண்டுவிடும்.

பிரதிபலிப்பு பொருளுக்கு நேர் கீழே விழும். கறுப்பான தூண் தண்ணீரில் கொஞ்சம் வெளிறும், வெள்ளைச் சுவர் கொஞ்சம் மங்கும். தெளிந்த தண்ணீரில் நிழல் அவ்வளவாகத் தெரியாது, கலங்கல் தண்ணீரில் நிலத்தில் விழுவதுபோலத் தெரியும். நிழல் விழுவது வெயிலுக்கு எதிர்ப்பக்கம். பாலத்துக்குக் கீழே நீங்கள் பிரதிபலிப்பையும் நிழலையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

1895 இல் விக்டோரியா பாலம் வருமுன் அந்த இடத்தில் ஓடங்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்ட பாலந்தான் இருந்தது. இப்போது பக்கத்திலேயே 2021 இல் திறந்த கம்பிவடப் பாலமும் நிற்கிறது. அந்தக் கம்பிகளைத்தான் ஒன்றுவிடாமல் வரைந்திருக்கிறீர்கள்! நாலைந்து போதும். அதற்குச் செலவழித்த நேரத்தைக் கரைச் சுவர்களுக்குக் கொடுங்கள். வெள்ளம் வந்து வடிந்த சுவரில் மட்டமாக ஒரு கறை நிற்கும். மழைக்காலத்தில் நாகலகம் வீதி நீர்மட்டம் என்று வானொலியில் சொல்வார்களே, அது அந்தப் பக்கம்தான். அந்தக் கறையைப் பேனையால் போடாமல் வெளிறிய மண்ணிறத்தில் ஒரே இழுப்பாக இழுங்கள்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வயதில் நான் அந்தக் கரையில் வரைந்ததே இல்லை. போர்க்காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் கொப்பியும் பேனையுமாகப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாலத்தை பஸ் ஜன்னலால் பார்த்து, வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் வரைவேன். அதனால்தானோ என்னவோ, என் படங்களில் பாலம் எப்போதும் கொஞ்சம் சரிந்தே இருக்கும்.

அடுத்ததைப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, முகத்துவாரம் பக்கம் பார்த்து வரையுங்கள். வெயில் எதிரே இருக்கும், தண்ணீரில் பாதி வெறும் வெள்ளைத் தாளாகவே மிஞ்சும். இந்தப் படத்தையும் கிழித்துவிடாதீர்கள். இடது மூலையில் கவிழ்த்து வைத்த வள்ளத்தை அவசரத்தில் மூன்றே கோட்டில் போட்டிருக்கிறீர்கள், அதன் அடியில் வர்ணம் தானாக ஓடி நின்றிருக்கிறது. அது நன்றாக வந்திருக்கிறது.