தினமும் ஒரே மாதிரி வாழ்வது தப்பா?

கேள்வி: எனக்கு 38 வயது. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் நடப்பேன், வேலைக்குப் போவேன், வந்ததும் நாலு பக்கம் படித்துவிட்டுத் தூங்கிவிடுவேன். பல வருஷமாக இப்படித்தான், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் தோழிகள் ஊர் சுற்றுகிறார்கள், நீச்சல் கற்றுக்கொள்கிறார்கள். என்னுடையது செக்குமாட்டு வாழ்க்கையாம். முன்பு என்னையும் கூப்பிடுவார்கள், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். இப்போது கூப்பிடுவதில்லை. எனக்கு இருப்பது நிம்மதியா பயமா என்று எனக்கே தெரியவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அந்தச் செக்குமாட்டுப் பேச்சை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மாட்டை யாரோ பூட்டி ஓட்டுகிறார்கள். நீங்களோ விரும்பி எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நேற்று ஊசி மாதிரி சுருண்டிருந்த இளம் இலை இன்று பாதி பிரிந்திருப்பது, தினமும் அதே நேரத்தில் அதே தொட்டி முன்னால் நிற்கிறவர் கண்ணில்தான் படும்.

டார்வினையே பாருங்கள். 1831இலிருந்து 1836 வரை கப்பலில் உலகத்தைச் சுற்றியவர், 1842இல் ஒரு கிராமத்து வீட்டில் குடியேறி, 1882இல் இறக்கும்வரை 40 வருஷம் அங்கேதான் இருந்தார். வீட்டை ஒட்டிய ஒரு பாதையில் தினமும் நடப்பார், எத்தனை சுற்று என்று கணக்கு வைக்கக் கற்களைக் குவித்துவைத்து சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார். அதே மனிதர்தான் மண்புழு இருக்கும் தொட்டியைப் பியானோ மேல் வைத்து, சுரத்தைத் தட்டினால் புழு அசைகிறதா என்று பார்த்தார், 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பாதை பழையதாக இருந்ததே தவிர, அவர் மனசு எதற்கும் கதவைச் சாத்தவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் 'இப்போது கூப்பிடுவதில்லை' என்ற இடத்தில்தான் நின்றேன். ஊர் சுற்றாததோ நீச்சல் தெரியாததோ உங்களை வருத்தவில்லை, கூப்பிடவில்லை என்பதுதான் வருத்துகிறது என்று நினைக்கிறேன். கடைசியாக மூன்று தடவை மறுத்ததை நினைத்துப் பாருங்கள். மறுத்த பிறகு மனசு லேசாகி, அன்று இரவு நிம்மதியாகப் படித்துவிட்டுத் தூங்கினீர்களா, அப்படியானால் உங்களுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தீர்களா? அப்போது சாக்குச் சொன்னது பயம்தான். நான் ஊகிப்பது இந்த இரண்டாவதை, ஏனென்றால் முதலாவதாக இருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் குலைந்துவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. முளைவிடும் பழக்கமே தாங்குகிறதென்றால், உங்களுடையது பல வருஷம் வேர்விட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போய்விடப் போகிறது?

இன்னொன்றும் உண்டு. ஒரே மாதிரி நாட்கள் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புதிதாக நடந்தது மட்டும் தனியாக நிற்கும். வருஷம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை என்று நாம் சொல்வது பாதி இதனால்தான்.

அதற்காக ஒரு வாரப் பயணத்தில் ஆரம்பிக்காதீர்கள். நீச்சலுக்கே போங்கள், ஆனால் இரண்டு தடவை. முதல் நாள் தண்ணீர் மூக்கில் ஏறும், எல்லாரும் உங்களையே பார்ப்பது போலிருக்கும், அந்த நாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லையா, நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

அப்புறம், தோழிகள் மறுபடி கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள், பல தடவை மறுத்தவரை அவர்களாகக் கூப்பிடத் தயங்குவார்கள். உங்களோடு அதிகம் பேசுகிற ஒருத்திக்கு நீங்களே போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், அதில் அழித்து அழித்து எழுதிக் கடைசியில் அனுப்பாமல் விட்டுவிடுவீர்கள். 'அடுத்த தடவை நானும் வர்றேன், என்னையும் சேர்த்துக்கோ' என்றால் போதும், பழைய சாக்குகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். செடிகளுக்கு முந்தின நாள் மாலையே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.