இசை அரங்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். ஒருவர் மிருதங்கம் பயின்றவர், ஒருவர் நாதஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், மற்ற மூவரும் கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ் வாசிக்கிறோம். பல இசை வகைகளை இணைத்து, ஆர்ட் றொக் முறையில் சொந்தப் பாடல்கள் செய்ய முயல்கிறோம். ஆனால் ஒத்திகை ஒவ்வொன்றும் இரைச்சலாகவே முடிகிறது. எங்கே பிழை விடுகிறோம்?
– மாணவர், கோண்டாவில்

பதில்: றொக் இசையைக் கேட்டு ஆடுவதற்கான பாட்டு என்ற நிலையிலிருந்து, அமர்ந்திருந்து கவனித்துக் கேட்கவேண்டிய ஆக்கமாக மாற்ற 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த முயற்சியே ஆர்ட் றொக். 1969இல் வெளிவந்த கிங் கிறிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டில் மின்கிற்றாருடன் சாக்சபோனும் புல்லாங்குழலும் ஒலித்தன. அங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பேசுவதற்கு ஓர் இடமும் பேசாதிருப்பதற்கு ஓர் இடமும் வகுக்கப்பட்டிருந்தன. உங்கள் ஒத்திகையில் ஐவரும் தொடக்கம் முதல் முடிவுவரை வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

முதலில் சுருதியைப் பாருங்கள். கிற்றாரைக் கேட்கும் சுருதிக்கு மாற்றலாம். நாதஸ்வரத்தின் சுருதியோ குழலைக் கடையும்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே கிற்றார்தான் இறங்கிவர வேண்டும். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்ற அளவால் சொல்வோம். நண்பரின் நாதஸ்வரம் இரண்டரைக் கட்டையானால், கிற்றாரின் ஆறு தந்திகளையும் அரைச்சுரம் தளர்த்துங்கள். மூன்று கட்டையில் நிற்கும் அதன் அடித்தந்தி நாதஸ்வரத்தின் ஆதார சட்ஜத்தில், அதாவது அடிப்படைச் சுரமான 'ச'வில், வந்து நிற்கும்.

அடுத்தது கமகம், அதாவது சுரத்தை அசைத்து ஒலிக்கும் முறை. தோடி இராகத்தின் காந்தாரம் ('க' சுரம்) அசைந்துகொண்டே இருப்பது. அதன் கீழே அசையாத காந்தாரத்தைக் கொண்ட கோர்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கை) ஒன்றைக் கிற்றார் பிடித்தால் இரண்டும் மோதும், கேட்பவர் அதனை அபசுரம் என்றே உணர்வார். அத்தகைய இடங்களில் கிற்றார் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ('ப') மட்டும் தாங்கிநிற்பது நல்லது. தொடக்கத்தில் சுத்த தன்யாசி இராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ச, க, ம, ப, நி என்ற ஐந்து சுரங்களும் றொக் கிற்றார் வாசிப்பவர்கள் முதலில் கற்கும் ஐந்து சுர வரிசையேதான். உங்கள் கிற்றார் நண்பரின் விரல்கள் அறியாமலே அந்த இராகத்தின் சுரங்களில் நடந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பொருத்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

தாளத்தில் மிருதங்க நண்பரை முன்னே விடுங்கள். பிங்க் ஃபுளொயிட் குழு 1973இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பாடல் ஒன்று பலரை வியக்கவைத்தது. நம்மவருக்கு அது 'தகிட தகதிமி' (மூன்றும் நான்கும்) என்று எண்ணும் மிஸ்ர சாப்புத் தாளம். ட்ரம்ஸ் வாசிப்பவர் நான்கு எண்ணிக்கைப் பழக்கத்தை விட்டு, இந்தச் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பின்னரே குச்சியைக் கையில் எடுக்கட்டும். இன்னொன்று: நாதஸ்வரம் கோயில் வீதிக்காகப் பிறந்த வாத்தியம். நான்கு சுவருக்குள் ட்ரம்ஸுடன் அதனை மோதவிடாமல், முற்றத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

கேள்வி: இது கலப்படம் என்று எங்கள் இசையாசிரியர் கண்டிக்கிறார். அவரை மீறுவதா?
– அதே மாணவர்

பதில்: மீற வேண்டாம்; அவரை ஒத்திகைக்கு அழையுங்கள். இராகத்தின் ஒரு பிடியை (அதற்கே உரிய சிறு சுரத்தொடரை) மட்டும் அலங்காரத்துக்காக வெட்டியொட்டும் பாடல்களைக் கேட்டு வருந்தியவராக அவர் இருக்கலாம், அந்த வருத்தம் நியாயமானது. அதேவேளை ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் என்பதையும், யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்துவின், ஆர்மோனியம் ஒலித்த இசை நாடகங்களை விடிய விடிய இரசித்த நம் ஊரவர் எவரும் அதனை அந்நியமாக நினைக்கவில்லை என்பதையும் பணிவோடு அவருக்கு நினைவூட்டலாம்.

கேள்வி: இசை நிறுவனத்தின் துணையின்றிப் பாடல்களை வெளியிட முடியுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: முடியும். ரேடியோஹெட் குழு 2007இல் தனது தொகுப்பொன்றை, விரும்பிய விலையைக் கொடுத்து இணையத்தில் பெற்றுக்கொள்ளுமாறு வெளியிட்டது. டில்லியின் இண்டியன் ஓஷன் குழு 2010இல் மாதம் ஒரு பாடலாக இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. இரண்டுமே அதற்கு முன் நெடுங்காலம் மேடையேறி இரசிகர்களைச் சேர்த்திருந்த குழுக்கள் என்பதை மறவாதீர்கள். முதற் பாடலைப் பதிவுசெய்வதற்கு முன்னரே, மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, வருவாய் எப்படிப் பிரியும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, குழுவினர் அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.