ஃபார்மட் போட்டால் ரேம் குணமாகுமா?

கேள்வி: மகளின் காலேஜ் படிப்புக்காக சென்னை ரிச்சி தெருவில் 21,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் வாங்கினேன். ஐந்தாம் நாளே நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனது. கடையில் இரண்டு தடவை ஃபார்மட் போட்டுத் தந்தார்கள். மறுபடியும் அதே கதை. இப்போது வாரண்டி முடிந்துவிட்டதாம், ஃபார்மட்டுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள்.
– வாசகி, அரக்கோணம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இன்னொரு ஃபார்மட்டுக்கும் சம்மதிக்காதீர்கள். இரண்டு முறை புதிதாக விண்டோஸ் ஏற்றியும் கோளாறு திரும்புகிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம்தான் போயிருக்கிறது.

அடுத்த தடவை நீலத் திரை வந்ததும் அதிலுள்ள ஸ்டாப் கோடை, அதாவது பிழையின் குறியீட்டை, போனில் படம் எடுக்க மகளிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடு வந்தால் முதல் சந்தேகம் ரேம் (தற்காலிக நினைவகம்) மேல். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி (பூட் செய்து) ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேம் தேறவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ரேம் தப்பித்தால் அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் பாகம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் அதன் ஆரோக்கியத்தையும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் காட்டும். “புது எஸ்எஸ்டி” என்று சொல்லி விற்றிருந்தால் அந்த மணிக்கணக்கைக் கட்டாயம் பாருங்கள்.

கடைக்காரர் அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டுவை பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுங்கள். அதிலும் கிராஷ் ஆனால் விண்டோஸ் மேல் பழி போட அவருக்கு வழியில்லை.

இந்த ஃபார்மட் வைத்தியத்தைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. எது வந்தாலும் ஃபார்மட். ரேம் கெட்டாலும் ஃபார்மட், ஃபேனில் தூசி அடைத்தாலும் ஃபார்மட். மென்பொருள் கோளாறு என்றால் சரி, போடட்டும். ஆனால் என்ன கோளாறு என்று பார்க்காமலே போடுகிறார்களே! கிராஷ் ஆகும்போது விண்டோஸ் பெரும்பாலும் ஈவண்ட் வியூவர் என்ற தன் பதிவேட்டில் குறிப்பு எழுதுகிறது, மினிடம்ப் ஃபோல்டரில் கிராஷ் விவரக் கோப்பு வைக்கிறது. ஃபார்மட் போட்டதும் அத்தனையும் காலி. அதாவது உங்கள் கையிலிருந்த சாட்சியை உங்கள் முன்னாலேயே அழிக்கிறார்கள். அதற்கப்புறம் நாலு நாள் ஒழுங்காக ஓடும், ஏழு நாள் செக்கிங் வாரண்டி அதற்குள் தீர்ந்துவிடும். எல்லாரும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. நஷ்டம் மட்டும் எப்போதும் வாங்கினவருக்கே. மினிடம்ப் கோப்புகளை முதலில் வேறொரு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று வருகிறது. சார்ஜரை மாற்றச் சொல்கிறான் தம்பி.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டும்தான் 41 சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது. சார்ஜர் வாங்கும் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

கேள்வி: படுக்கையில் வைத்துப் படம் பார்த்தால் மட்டும் பட்டென்று அணைந்துவிடுகிறது.
– வாசகர், நெல்லை

பதில்: சூடேறி அணைகிறதோ என்னவோ, மெத்தை காற்று வழியை அடைக்கும். மேசையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதானா?
– வாசகி, ஓசூர்

பதில்: இல்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இருக்கிறதல்லவா, தைரியமாகப் போங்கள்.

கேள்வி: ஆன்லைன் விளம்பரம் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து ஜிபே பண்ணி வாங்கினேன். பில் இல்லை. வீட்டுக்கு வந்து ரீசெட் செய்தால் ஏதோ கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்கிறது.
– வாசகர், கோவை

பதில்: பஸ் ஸ்டாண்டில் ஆன் செய்து பார்க்க என்ன அவசரம் தடுத்தது? அது அந்தக் கம்பெனியின் கணக்கில் இன்னும் பதிவாகியிருக்கும் மெஷின், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வருபவனுக்கும் பணம் அழாதீர்கள். ஜிபே ரசீது, விளம்பரம், சேட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள், மழுப்பினால் போலீஸ் ஸ்டேஷன். தனி ஆள் தன் பழைய சாமானை விற்றது நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கஷ்டம்.

ரொம்பத் திட்டவும் மனசில்லை. மூடியைப் பாதிக்கு மேல் திறந்தால் திரை இருண்டுபோகும் லேப்டாப் ஒன்று என் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. விற்றவர் பாதி திறந்தே காட்டினார்.

கேள்வி: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. அடிக்கடி ஹேங் ஆவதற்கு அதுதான் காரணமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஹேங்கை விடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி மெஷினை அணையுங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். பேட்டரியைக் கடையில் கழற்றச் சொல்லி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் வேண்டாம்.